என் முகத்தைப் பார்த்து ஓதிய பிள்ளை

சென்ற ஆண்டு, நோன்பு தொடங்குவதற்கு முந்திய வாரங்கள். கண்டி நகரில் வேலை முடித்து, கட்டுகஸ்தோட்டை நெரிசலில் பஸ்ஸில் நின்றபடியே அக்குறணைக்கு வந்து சேரும்போது அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு சொல்லிவிடுவார்கள். தொழுதுவிட்டு உட்கார்ந்தால், என்னுடன் பிறந்த ராத்தாவின் மகள் குர்ஆனோடு வந்துவிடுவாள். எங்கள் வீட்டில் உயர்தரம் வரை படித்தவள் நான் ஒருத்திதான். அதனால் யாருக்கு எதைச் சொல்லிக்கொடுப்பதென்றாலும் என் தலையில்தான். அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

பிள்ளைக்கு ஒன்பது வயது. குர்ஆன் மத்ரஸாவில் அந்தச் சனிக்கிழமை ஓதிக்கொடுக்கும் மௌலவி, பிள்ளைகள் எல்லார் முன்னும் ஒரு பக்கம் ஓத வேண்டும். ஓதாவிட்டால் மறுபடி சின்னப் பிள்ளைகளின் வரிசை. "அங்க போய்க் குந்த ஏலாது சாச்சி. தம்பியும் அந்த வரிசயிலதான் ஈக்கிறான்" என்று அழுதாள்.

எழுத்தெல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று என் முகத்தைப் பார்ப்பாள். என் புருவம் அசைந்தால், சரியாக ஓதியதையும் மாற்றி ஓதுவாள். "என்ட மொகத்திலயா எழுதியீக்கி? குர்ஆனப் பாருங்க" என்பேன். குனிவாள், அடுத்த சொல்லில் மறுபடி நிமிர்வாள்.

வியாழக்கிழமை எனக்கு உடம்பு சுத்தமாக முடியவில்லை. சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தவள் எப்போது தூங்கினேனோ தெரியாது. விழிப்பு வந்தபோது அவள் ஓதிக்கொண்டிருந்தாள். ஓரிடத்தில் தடுக்கினாள். திருத்த வேண்டும் என்று நினைத்தேன், களைப்பில் வாய் திறக்கவில்லை. அதற்குள் அவளே திரும்பிப் போய், எழுத்தைக் கூட்டி, சரியாக ஓதி மேலே போய்விட்டாள். நான் கண்ணைத் திறக்கவே இல்லை. பக்கம் முடிந்ததும், "சாச்சி, முடிஞ்ச. நீங்க கொறட்டயும் விட்டீங்க" என்றாள்.

மறுநாள் வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொண்டேன். சனிக்கிழமை வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தாள். "மௌலவிட மொகத்தப் பாக்கவே இல்ல சாச்சி! ரெண்டு எடத்துல பிழ வந்த. நானே திருத்தின!"

என் பள்ளிக்கூட நாட்களில் உம்மா வெங்காயம் உரித்தபடி என் பாடத்தைக் கேட்பார். சரியா பிழையா என்று அவருக்குத் தெரியாது, தலையை மட்டும் ஆட்டுவார். திருத்த ஆளில்லாத வீட்டில் படித்தேன் என்பதை ஒரு குறையாகவே எல்லாரிடமும் சொல்லி வந்தேன். இப்போது, களைத்து வந்து அந்தப் பிள்ளையின் பக்கத்தில் கண்ணை மூடி உட்காரும்போதெல்லாம், உம்மாவின் அந்தத் தலையாட்டல்தான் என்னை இவ்வளவு தூரம் கொண்டுவந்தது என்று தோன்றுகிறது.