சாவி பாய்க்காகப் பயந்த ஞாயிறு

துப்பறியும் கதை என்றால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். திரையில் ஒரு கொலை விழுந்துவிட்டால் அடுப்பில் குழம்பு அடிப்பிடிப்பதுகூடத் தெரியாது. இப்படிப்பட்டவளுக்கு ஆவடி சேக்காட்டில், நாங்கள் இருக்கும் அபார்ட்மெண்டிலேயே ஒரு கூட்டாளி கிடைத்தாள். எதிர்வீட்டுக்காரி. சேலத்துப் பெண். கணவன் மனைவி இருவருக்கும் கம்ப்யூட்டர் வேலை. அவள் வீட்டு டிவி பெரியது, என் வீட்டு டீ நல்லது. ஆகவே ஞாயிறு மதியம் அவள் ஹாலில் தொடர் ஓடும், பிளாஸ்க் நிறைய டீ என் வீட்டிலிருந்து போகும். கீழ்மாடியில் தனியாக இருக்கும் திருநெல்வேலி மாமாவும் முறுக்குப் பொட்டலத்தோடு வந்துவிடுவார். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

தொடரில் துப்பறிபவர் ஓய்வுபெற்ற ஒரு பெண் இன்ஸ்பெக்டர். முழங்கால் வலியும் வாய்த்துடுக்கும் அவருக்குக் கூடப்பிறந்தவை. ஒவ்வொரு எபிசோடிலும் கேஸ் முட்டுச்சந்தில் நிற்கும்போது, கடைத்தெருவில் சாவி செய்யும் கடை ஒன்றுக்குப் போய் ஸ்டூலில் உட்கார்வார். கடைக்காரர் வெள்ளைத் தாடி வைத்த ஒரு பாய். கதையில் அவருக்குப் பெயர்கூட இல்லை, சாவி பாய் என்பதோடு சரி. பொதுவாகத் திரையில் தாடியும் தொப்பியுமாக ஒருவர் வந்தாலே எனக்கு முடிவு தெரிந்துவிடும். ஒன்று குண்டு வைப்பார், இல்லையென்றால் கதாநாயகனுக்காகச் செத்துப்போவார். இவர் இரண்டையும் செய்யாமல் சும்மா டீ குடித்துக்கொண்டிருந்தார். அதற்காகவே அவரை எனக்கு அவ்வளவு பிடித்தது.

எங்களுக்குள் ஒரு விதி உண்டு. எபிசோடு பாதி ஓடியதும் நிறுத்திவிட வேண்டும். டீயை ஊற்றிக்கொண்டு, குற்றவாளி யார் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் நான் சொன்னதுதான் நடக்கும். "அக்கா கண்ணுல இருந்து எதுவும் தப்பாது" என்று சேலத்துப் பெண் எல்லாரிடமும் பெருமையடித்துக்கொள்வாள்.

இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். பொங்கல், தீபாவளி வந்தால் எங்கள் கட்டடம் பாதி காலியாகிவிடும். அவரவர் ஊருக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். எனக்குப் பிறந்த ஊர் பூந்தமல்லி. கையில் ஒரு பையோடு காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். அதனால் ஊருக்குப் போகிறவர்கள் வீட்டுச் சாவியெல்லாம் என்னிடம் வந்துவிடும். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் என் பொறுப்பு. எனக்கு அதில் பெருமை உண்டு, சொல்லிக்கொள்ள வெட்கமில்லை. வீடு தேடி அலைந்த காலத்தில் நாங்கள் பெயரைச் சொன்ன பிறகு எத்தனை 'காலி' போர்டுகள் திடீரென்று பொய்யாகிப்போயின என்பது எனக்கும் என் கணவருக்கும்தான் தெரியும். அப்படி அலைந்து வந்து சேர்ந்த இடத்தில், நாலு வீட்டுக்காரர்கள் தங்கள் வீட்டையே என் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அது எனக்குச் சின்ன விஷயம் இல்லை.

பொங்கலுக்கு முந்தைய ஞாயிறு அந்த எபிசோடு வந்தது.

ஒரு குடும்பம் ஊருக்குப் போயிருக்கிறது. வீட்டில் தனியாக இருந்த வயதான அம்மாள் கொலையாகிக் கிடக்கிறார். நகையைக் காணோம். கதவு உடைக்கப்படவில்லை, சாவி போட்டுத்தான் திறந்திருக்கிறார்கள். கேமரா மெல்லத் திரும்பிச் சாவி பாயின் கடையில் போய் நின்றது. கடை வழக்கத்தைவிடச் சீக்கிரம் மூடியிருந்தது. எங்கே போயிருந்தீர்கள் என்று இன்ஸ்பெக்டர் கேட்க, சாவி பாய் கண்ணைப் பார்க்காமல் ஒரு பொய் சொன்னார்.

வேண்டாம், இவர் வேண்டாம் என்று மனசு அடித்துக்கொண்டது. அந்தக் கதையை எழுதியவர் கையில் கிடைத்திருந்தால் அறைந்திருப்பேன். ஊரில் இத்தனை பேர் இருக்கும்போது உங்களுக்கு இவர்தானா கிடைத்தார்? ஆனால் என்னுடைய துப்பறியும் மூளை நன்றி கெட்டது. அது ஒவ்வொரு தடயமாகப் பொறுக்கி வரிசையில் அடுக்கிக்கொண்டே போனது. எப்படிக் கூட்டினாலும் விடை சாவி பாய்தான். பயத்தோடு பயமாக, என்ன அழகாக முடிச்சுப் போட்டிருக்கிறார்கள் என்ற வியப்பும் வந்து தொலைத்தது.

சேலத்துப் பெண் பாதியில் நிறுத்தினாள். நான் டீயை ஊற்றினேன், கொஞ்சம் தட்டில் சிந்தியது.

"நீங்க சொல்லுங்க மாமா" என்றாள் அவள்.

மாமா முறுக்கை மென்றுகொண்டே யோசித்தார். "அந்த வக்கீலாத்தான் இருக்கும்" என்றார்.

"எனக்குச் சமையக்காரம்மா மேலதான் டவுட்டு" என்றாள் சேலத்துப் பெண். அவள் கணவன் போனிலிருந்து தலையைத் தூக்காமல், "எனக்குத் தெரியலப்பா" என்றான்.

சாவி பாய் பெயரை யாரும் சொல்லவில்லை. அரை மணி நேரமாகத் திரை முழுக்க அவர் முகம்தான் இருந்தது. சின்னப் பிள்ளைகூட அவரைத்தான் கை காட்டியிருக்கும். வக்கீல் வந்ததே ஒரு காட்சியில்தான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர்களுக்கும் அதே விடைதான் வந்திருக்கிறது. நான் உட்கார்ந்திருப்பதால் விழுங்கிவிட்டார்கள். அதுவரை கதைக்காகப் பயந்துகொண்டிருந்தவள் அந்த நிமிஷம் முதல் அந்த ஹாலுக்காகப் பயந்தேன்.

"அக்கா, நீங்க?"

"அந்த அம்மாவோட தம்பி பையன்" என்றேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவன்மேல் எனக்குத் துளிச் சந்தேகமும் இல்லை.

மிச்சப் பாதியை நான் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. இவர்தான் கொலைகாரர் என்று முடிந்தால் எழுந்து பிளாஸ்கை எப்படி எடுப்பது, எந்த முகத்தோடு கதவு வரை நடப்பது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குற்றமே செய்யாத நெஞ்சு அன்றைக்கு எனக்குள் போட்ட ஆட்டத்தை யாரிடம் சொல்வது?

கடைசியில் சாவி பாய் நிரபராதி. அவருக்குக் கண் பார்வை மங்கிக்கொண்டு வந்திருக்கிறது. சாவி செய்பவருக்குக் கண் தெரியாது என்று தெரிந்தால் யார் வேலை கொடுப்பார்கள்? அதனால் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு யாருக்கும் தெரியாமல் கண் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்திருக்கிறார். கொலை செய்தவன் தம்பி பையன். நான் உளறியதே நிஜமாகிவிட்டது. சாவியின் பற்களை அவர் விரலால் தடவித் தடவிப் பார்த்ததை முதல் காட்சியிலேயே காட்டியிருந்தார்கள். நான்தான் பார்க்கவில்லை. பயந்தவள் கண்ணுக்கு எது தெரியும்?

ஹாலில் ஒரே கைதட்டல். மாமா என் பக்கம் திரும்பி முகமெல்லாம் சிரிப்பாக, "பாத்தியாம்மா, உங்க ஆளு தப்பிச்சிட்டாருல்லா!" என்றார்.

நல்ல மனுஷர். என் வீட்டு ஆளுக்கே ஜாமீன் கிடைத்ததுபோல அவ்வளவு சந்தோஷம் அவருக்கு. சேலத்துப் பெண்ணும் என் தோளைப் பிடித்து, "எனக்கு இப்பத்தான்க்கா உசுரே வந்துச்சு" என்றாள். நானும் சிரித்தேன். எங்க ஆளு! இத்தனை வாரம் அவர் எங்கள் எல்லாருக்கும் பொதுவான ஆள் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் என் கணவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் முடிந்து வந்தார். "இன்னா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?" என்றார். கதையைச் சொன்னேன்.

"அதான் அவரு பண்லன்னு காட்டிட்டானே. அப்புறம் எதுக்குப் பயந்துகினு கீற?"

"பண்ணிருப்பார்னு எல்லாரும் நெனச்சாங்களே. இந்தப் பொங்கலுக்கு யார் ஊட்டுச் சாவியும் வாங்க வாணாம்னு தோணுது."

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு, "இத்தினி நாளு வாங்கிட்டு இப்ப வாணாம்னா, ஏன்னு கேப்பாங்க. இன்னா சொல்லுவ?" என்றார். பயப்படாதே என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் அதைச் சொல்லவில்லை.

அடுத்த இரண்டு நாளும் எதிர்வீட்டுக் கதவுச் சத்தத்துக்குக் காது கொடுத்தபடியே இருந்தேன். அவள் சாவி தராமல் போய்விட்டால் என்ன செய்வது என்று ஒரு பயம். தந்துவிட்டால் என்ன செய்வது என்று இன்னொரு பயம். மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்று என் அம்மா அடிக்கடி சொல்வார். அம்மா அபார்ட்மெண்டில் குடியிருந்ததில்லை.

போகி அன்றைக்கு மதியம் அவள் வந்தாள். பெட்டி லிஃப்ட் வாசலில் நின்றது, கணவன் கீழே கார் பிடித்துக்கொண்டிருந்தான். எப்போதும்போலச் சாவியை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். "துளசிய மட்டும் மறந்துராதீங்க்கா. போன தடவ நீங்க பாத்துக்கிட்டதுலதான் அப்படித் தளதளன்னு வந்துச்சு." எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வாசலிலேயே அவளைக் கட்டிக்கொண்டேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, சிரித்துக்கொண்டே லிஃப்டில் ஏறினாள். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை அவள் வீட்டைத் திறந்தேன். செடிகள் படுக்கையறைப் பால்கனியில் இருக்கும். அந்த அறை வழியாகத்தான் போக வேண்டும். ஆனால் உள்ளே நுழைந்ததும் ஹால் ஜன்னல் பக்கம் துளசித் தொட்டி தெரிந்தது. மற்ற தொட்டிகளும் பழைய பேப்பர் மேல் வரிசையாக இருந்தன. நல்லதாகப் போயிற்று, நடை மிச்சம் என்றுதான் முதலில் தோன்றியது. தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே மண்டைக்குள் அந்தப் பாழாய்ப்போன மூளை வேலையை ஆரம்பித்துவிட்டது. இவ்வளவு கனமான தொட்டிகளை, ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில், ஏன் தூக்கி இங்கே வைத்தாள்?

படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. கைப்பிடியை அழுத்தினேன். பூட்டியிருந்தது. இத்தனை வருஷத்தில் அந்த அறை பூட்டி நான் பார்த்ததில்லை.

புதிதாக நகை எடுத்திருக்கலாம். அவள் அம்மா போனில் ஏதாவது சொல்லியிருக்கலாம். பூட்டியது அவள் கணவனாகவும் இருக்கலாம், அது அவளுக்கே தெரியாமல்கூட இருக்கலாம். நூறு காரணம் இருக்கலாம். கேட்டால் அவள் சொல்லவும் கூடும். நான் கேட்க மாட்டேன் என்பது அங்கே நிற்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

போனில் மெசேஜ் வந்தது. சேலத்துப் பொங்கல் பானையின் படம். கீழே, "துளசி எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டிருந்தாள். நல்லா இருக்கு என்று பதில் போட்டேன். போனைக் கீழே வைத்துவிட்டுத் துப்பட்டா முனையால் அந்தக் கைப்பிடியைத் துடைத்தேன். மேலே, கீழே, என் விரல்கள் பட்ட இடமெல்லாம். என் சிநேகிதி வீட்டில், பட்டப்பகலில், யாருக்குப் பயந்து எதைத் துடைக்கிறேன் என்று உறைத்தபோது எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் முழுவதையும் துடைத்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.