நரி முகத்தில் முழித்தவர்

எண்பதுகளில், சுவிஸில் வில் என்ற ஊரில், என்னோடு ஒரே அறையில் ஒரு அண்ணை இருந்தார். அவருடைய வயிறு முன்னால் வரும், அவர் பின்னால் வருவார்.

காலையில் கண்ணைத் திறக்காமலே எழும்பி, சுவரைத் தடவித் தடவி யன்னலுக்கு வருவார். பின்வளவில் குப்பை கிளற ஒரு நரி வரும். நரி முகத்தில் முழித்தால் அகதி வழக்கு வெல்லுமாம்.

“வந்திட்டுதோ?” என்பார். நான் “ஓம்” என்ற பிறகுதான் கண் திறக்கும். பின்னேரங்களில் வானத்தைப் பார்த்து, “நாளைக்குப் பனி கொட்டினா அது வராதடா” என்று பெருமூச்சு விடுவார்.

ஒருநாள் பனிப்புயல். நரியைக் காணவில்லை. பொறுமை கெட்டுக் கண்ணைத் திறந்தார். வெளியே பனி வழித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரக் கிழவி அவரை முறைத்தாள்.

“நாசமாப் போச்சு!”

அன்றைக்குத்தான் அவருக்கு வேலை செய்ய அனுமதி கிடைத்தது. வழக்கு இன்னும் மிச்சம்.

மறுநாளும் கண்ணை மூடிக்கொண்டு யன்னலில் நின்றார்.

“நரி வந்திட்டுது அண்ணை.”

“நரியை விடடா. கிழவி வந்தாச் சொல்லு.”

எனக்கோ அந்த அனுமதியும் வரவில்லை. நானும் பக்கத்தில் போய்க் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். கிழவி வந்ததை யார் சொல்வது என்று இரண்டு பேருமே யோசிக்கவில்லை.