நானூறு மைக்ரான்

கருவிழியின் கனத்தை அளப்பது என் வேலை. அளந்ததைச் சொல்லிவிட்டு ஏச்சு வாங்காமல் தப்பிப்பது அதைவிடப் பெரிய வேலை. எண்ணைச் சொல்லிப் பிழைக்கும் எல்லோருக்கும் இது புரியும்.

இரண்டு மிஷின்

தஞ்சாவூரில் எங்கள் கண் மருத்துவமனைக்குப் பேராவூரணிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி தன் மகனோடு வந்தார். மகன் குமரேசன் அறுப்பு மிஷின் ஓட்டுகிறவன். நெல் சுணை பட்டுக் கண்ணைக் கசக்கிக் கசக்கி, கருவிழி மெலிந்து கூம்பிக்கொண்டு வந்தது. மருந்து விட்டு ஒளி காட்டி இறுக்கினால் அதோடு நிற்கும். இல்லையென்றால் பார்வை போய்க்கொண்டே இருக்கும். ஆனால் கனம் நானூறு மைக்ரானாவது (மில்லிமீட்டரில் பாதிகூட ஆகாது) இருக்க வேண்டும், குறைந்தால் அந்த ஒளியே கண்ணின் உள்ளே கெடுத்துவிடும்.

தொடாமல் படமெடுக்கும் கருவி நானூற்று எட்டு என்றது. கண்ணை மரக்கவைத்துத் தொட்டு அளக்கும் கருவி முன்னூற்றுத் தொண்ணூற்றிரண்டு என்றது. இரண்டும் நல்ல கருவிகள்தான். வழி வேறு, எண்ணும் வேறு. டாக்டர் குறைந்ததை எடுத்துக்கொண்டார். அப்பாவுக்கு அது நியாயமாகப் படவில்லை.

"நெல் கொள்முதல்ல ஈரப்பதம் கூடக் காட்டித் தள்ளுனா வேற மிஷின்ல போடச் சொல்லுவோம்ங்க. நீங்க நல்லதா காட்டுறதையே எழுதிக்கங்கம்மா."

கட்டிய கண்

மறுபடி அளக்க வரும்போது, தூங்கி எழுந்த கையோடு வராதீர்கள், இமை மூடியே இருந்தால் கருவிழி கொஞ்சம் உப்பும் என்றேன். காரணம் சொல்லக் கூடாது என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். அடுத்த வாரம் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். குமரேசன் கண்ணில் துண்டு கட்டியிருந்தது. எழுந்ததிலிருந்து இமையே திறக்கவில்லையாம்; அப்பா கையைப் பிடித்து நடத்தி வந்து நாற்காலியில் உட்காரவைத்தார். எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இது திருட்டுக் கணக்கு என்றேன். குமரேசன் சிரிக்கவில்லை.

"இப்பவே பழகிக்கிட்டா நல்லதுன்னு தோணுச்சுங்க மேடம்."

உப்பவைத்தல்

மதியம்வரை கண்ணைத் திறந்து உட்காரச் சொல்லி, அதே தொட்டு அளக்கும் கருவியால் அளந்தேன். நானூறுக்குக் கீழேதான். டாக்டர் அசரவில்லை. மெலிந்த கருவிழிக்கென்றே நீர்த்த மருந்து இருக்கிறது, அதை விட்டால் உப்பும், ஒளி காட்டும் நேரத்துக்கு அது போதும் என்றார். சிகிச்சை நடந்த அன்று டாக்டர் சொட்டுவிட, நான் தொட்டுத் தொட்டு அளந்தேன். நானூறைத் தாண்டியது. எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். வெளியே ஓடிப்போய் அப்பாவிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் கேட்டார்:

"நாங்க உப்ப வச்சா திருட்டு, நீங்க உப்ப வச்சா வைத்தியமாம்மா?"

கருவியைப் பற்றி யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்லிவிடலாம், நெல் போட்டுப் பழகியவர் கேட்டால் மட்டும் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிடுவதே உத்தமம்.