டெலானிபூர் சரிவில் ஒரு கலுங்கு

இங்கே மழை வந்தால் யாரும் வாசலுக்கு ஓடி வருவதில்லை. அந்தமானில், போர்ட் பிளேரில் கப்பலைவிட்டு இறங்கிய புதிதில், தகரக் கூரையில் சடசடவென்று விழுந்ததும் நான் பனியனோடு முற்றத்தில் நின்று வானத்தைக் கும்பிட்டேன். எனக்கு என்ன நோய் என்று பக்கத்து குவார்ட்டர்ஸ் மலையாளி என் மனைவி பாக்கியத்திடம் விசாரித்தாராம். இராமநாதபுரத்துக்காரனுக்கு உள்ள நோய்தான். தண்ணீரைக் கண்டால் பிடித்து வைக்க வேண்டும். விட்டுவிட்டால் தூக்கம் வராது.

டெலானிபூரில் எங்கள் வீடு மலையை வெட்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தது. பின்பக்கச் சரிவு அடுக்களைக்கு நேர் மேலே. அங்கே தோட்டம் போட நிதாயைப் பிடித்தேன். கிழக்கு வங்காளத்திலிருந்து அகதியாக வந்து குடியேறியவர், என் வயதுதான். ஆபீஸர் பங்களாக்களில் சமதரைப் புல்வெளி அமைத்துப் பேர் வாங்கியவர். சரிவு முழுக்கப் பாத்தி கட்டி, வரப்பு உயர்த்தி, ஒரு சொட்டு வெளியே போகாமல் நிறுத்தலாம் என்றேன் நான். தம் ஊர் வீடுகளில் இருப்பதுபோல ஒரு குளம் தோண்டலாம் என்றார் அவர். இரண்டு பேரும் சமவெளியில் பிறந்தவர்கள் என்பதால் சண்டையே வரவில்லை. பாத்தியும் கட்டினோம், குளமும் தோண்டினோம்.

பிடித்த மழை விடவில்லை. ஒரு மத்தியானம் குளம் நிரம்பி, வரப்புகளை வரிசையாக உடைத்து, சேறு அடுக்களை ஜன்னல் வழியாகச் சோற்றுப்பானைக்குள் இறங்கியது. நான் வீரமாக “முருகா” என்று அலறி, அரிசி டின்னைக் கட்டிப்பிடித்துக் கட்டில்மேல் ஏறி நின்றேன். பிள்ளைகளைத் தூக்கியது பாக்கியம்.

“இன்னொரு தடவ மண்ணு உள்ள வந்துச்சு, பிள்ளைகளோட அடுத்த கப்பல்ல ஏறிருவேன். நீங்க அந்த அரிசி டின்னோட குடும்பம் நடத்துங்க.”

சொன்னதோடு நிற்கவில்லை, டிரங்குப் பெட்டியில் துணி அடுக்கி வாசலில் வைத்துவிட்டாள்.

நிதாய் வந்து பார்த்தார். “பாகல் தே ஹம் தோனோ, பாபு” என்றார். நாம் இரண்டு பேருமே பைத்தியமாக இருந்திருக்கிறோமாம். பழியில் சரிபாதி கேட்டு வாங்கிக்கொள்ளும் மனிதரை அதுவரை நான் பார்த்ததில்லை. இவரோடுதான் இதை முடிப்பது என்று தீர்மானித்தேன்.

கோணிச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு இருவரும் மழையிலேயே நின்று, தண்ணீர் தானாக எந்த வழியில் இறங்குகிறது என்று பார்த்தோம். குளத்தைத் தூர்த்தோம். ஆற்றங்கரை அரிக்காமலிருக்கத் தம் ஊரில் பின்னும் மூங்கில் தட்டியை அவர் பின்ன, சரிவில் படிப்படியாக நட்டு மண்ணை நிறுத்தினோம். தண்ணீரை என்ன செய்வது என்றபோது எனக்குக் கலுங்கு ஞாபகம் வந்தது: கண்மாய் நிறைந்தால் மிச்சம் வழிந்தோடக் கல் பாவிய வாய். எங்கள் ஊர்க் கலுங்கில் சீட்டாடித்தான் பழக்கம், தண்ணீர் ஓடிப் பார்த்ததில்லை. ஆனால் கல்லை எப்படிச் சாய்த்துப் பதித்திருந்தார்கள் என்பதை, அதில் உட்கார்ந்து தேய்ந்தவன் மறக்க முடியுமா?

நான் பதித்ததைப் பார்த்து நிதாய் சிரித்தார். “யே நாலா ஹை யா சீடி?” வாய்க்காலா, படிக்கட்டா என்று கேட்கிறார்.

“தோனோ, தாதா. பஹலே பானி ஜாயேகா, பீச்சே மேரி பீவி.” இரண்டும்தான் அண்ணா, முதலில் தண்ணீர் இறங்கும், பின்னாலேயே என் மனைவி.

அடுத்த பெருமழைக்குப் பாக்கியம் கரண்டியோடு ஜன்னலில் நின்றாள். நானும் நிதாயும் வாய்க்கால் ஓரத்தில் நின்றோம். தண்ணீர் கல்லில் இறங்கி, அடுக்களையை விட்டு விலகி, தெருவைத் தாண்டிக் கடலைப் பார்த்து ஓடியது. மூங்கில் அசையவில்லை. அவள் டிரங்குப் பெட்டியைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

ஜெயித்தவன் ஆடியிருக்க வேண்டும். இத்தனை நல்ல தண்ணீர், கடலுக்கா?

“பாபு, பைர் ஹடாவோ!” என்று நிதாய் கத்தினார், காலை எடுக்கச் சொல்லி. குனிந்து பார்த்தால் என் கால் வாய்க்காலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. எடுத்தேன்.

இன்றும் மழை வந்தால் அங்கேதான் போய் நிற்கிறேன். கை சருகை ஒதுக்கி வழி விடுகிறது. கால் குறுக்கே போய் அணை போடுகிறது.