ஒன்பது வீட்டுப் புண்ணியமும் ஒரு நொண்டிப் பசுவும்

மார்கழி மாதம், காலை ஏழு மணி. ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதி நடுவில் ஒரு செவலைப் பசு நின்றுவிட்டது. இழுத்தாலும் நகரவில்லை, தட்டினாலும் நகரவில்லை. முன்னங்கால் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று பின்னி வைத்துக்கொண்டு, முதுகை வளைத்து நின்றது. சுற்றிலும் கூட்டம். திருஷ்டி என்றார் ஒருவர். வாதம் என்றார் இன்னொருவர். சுண்ணாம்பு தடவச் சொன்னார் மூன்றாமவர். மாட்டு வைத்தியம் தெரியாத ஆளை இந்த ஊரில் நான் பார்த்ததே இல்லை, மாட்டு டாக்டர்களைத் தவிர.

அந்த மாட்டு டாக்டர்களில் நானும் ஒருவன். எழுபதுகளின் கடைசி. துறையூரிலிருந்து மாற்றலாகி வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

பசுவின் சொந்தக்காரி மாரியாயி. கொள்ளிடக்கரைப் பக்கம் குடிசை. புருஷன் இல்லை, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்கள். அந்த வீட்டில் சம்பாதிக்கிற ஆள் என்றால் அந்தப் பசுதான். ஜெர்ஸி கலப்பு. தினம் காலையில் பசுவையும் கன்றையும் ஒன்பது வீட்டு வாசலுக்கு ஓட்டிக்கொண்டு போய், வீட்டுக்காரர் கண்ணெதிரே கறந்து கொடுப்பாள். கொண்டுவந்து ஊற்றுகிற பாலை அந்த வீடுகளில் நம்பமாட்டார்கள். தண்ணீர் கலந்திருக்குமாம். ஆகவே பசு நடந்தால் வியாபாரம். நடக்காவிட்டால், அடிமாடு பிடிக்கிற மணப்பாறை சந்தைத் தரகர்.

அவர் ஏற்கெனவே மோப்பம் பிடித்துவிட்டார். வாரம் தவறாமல் குடிசை வாசலில் வந்து நின்று, "நடக்குறப்பவே குடுத்துடு ஆத்தா. படுத்துடுச்சுன்னா லாரிக்காரன்கூட தொடமாட்டான்" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போவார்.

ஜீப் வைத்தியம்

அதற்கு முன்பே, கார்த்திகையில், மாரியாயி பசுவை டிஸ்பென்சரிக்கு ஓட்டி வந்திருந்தாள். அப்போது லேசான நொண்டல்தான். நான் மேசையை விட்டு எழுந்திருக்காமல், ஜன்னல் வழியாகப் பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். என்ன எழுதினேன் என்று மறுநாளே மறந்துவிட்டது. நாள் முழுக்கச் சீட்டு எழுதுகிறவனுக்கு எது நினைவிருக்கும்?

வீதியில் பசு நின்ற அன்று எங்கள் ஏ.டி., அதாவது அசிஸ்டென்ட் டைரக்டர், இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்திருந்தார். ஜீப்பில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். மனிதர் இறங்கவில்லை. ஜீப்பிலிருந்தபடியே கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"எஃப்.எம்.டி. மாதிரி தெரியுதேய்யா. வேக்சின் போட்டாச்சா?"

"போட்டாச்சு சார். வாயில புண் இல்லீங்க. குளம்பிடுக்குலயும் இல்லீங்க."

"அப்ப கால்சியம் ஏத்து."

இதுதான் எங்கள் டிபார்ட்மென்டின் மொத்த ஞானம். எஃப்.எம்.டி. என்கிற கோமாரி, இல்லாவிட்டால் கால்சியம். இரண்டுக்கும் குனிய வேண்டியதில்லை. குனிந்தால் பேன்ட் அழுக்காகும், மாடு உதைத்தால் மானம் போகும். நானும் "எஸ் சார்" என்று சொல்லிவிட்டு ஒரு பாட்டில் ஏற்றினேன். பசு அங்கேயே நின்றது.

ஜீப் போனதும் மாரியாயி என்னைப் பார்த்தாள்.

"காலத் தொட்டே பாக்கலையே சார்" என்றாள்.

சுருக்கென்றது. அன்றைக்குத்தான், வேலையில் சேர்ந்த பிறகு முதல் தடவையாக என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு நொண்டி மாட்டின் குளம்பைக் கையில் பிடித்துப் பார்த்தேன். மார்கழிப் பனியில் தரை சில்லென்றிருந்தது, குளம்பு மட்டும் சுட்டது. காலேஜில் படித்தது அப்போதுதான் தலையில் ஏறியது. லாமினைட்டிஸ். அரிசியும் இனிப்பும் அளவுக்கு மிஞ்சி உள்ளே போனால் வயிற்றில் புளித்துப்போகும். அந்தக் கேடு ரத்தத்தில் கலந்து குளம்புக்குள் வீக்கம் வைக்கும். குளம்பு ஓடு விரிந்து கொடுக்காது. இறுகின செருப்புக்குள் வீங்கின கால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"இதுக்கு அரிசிச் சோறு போடுறியா?"

"எங்களுக்கே ரேஷன் அரிசி சார். இதுக்கு எங்க போடுறது?" என்றாள்.

ஒன்பது வாசல்

நான்கு நாள் கொள்ளிடத்து ஈர மணலில் பசுவை நிறுத்தச் சொன்னேன். ஆன்டிஹிஸ்டமின் போட்டு, சோடா உப்புக் கரைத்துக் கொடுத்ததில் மெல்ல நடை வந்தது. ஐந்தாம் நாள் அவள் கூடவே வீதிக்குப் போனேன். எனக்குப் புரிந்துவிட்டது.

முதல் வீட்டில் கறந்ததும் ஓர் அம்மாள் வெண்பொங்கல் உருண்டையைக் கொண்டுவந்து பசுவின் வாயில் கொடுத்தாள். இரண்டாம் வீட்டில் சர்க்கரைப் பொங்கல். மூன்றாம் வீட்டில் நேற்றைய சாதமும் வாழைப்பழமும். நான்காம் வீட்டில் வடித்த கஞ்சி, ஒரு பக்கெட். கொடுத்துவிட்டு ஒவ்வொருவரும் பசுவின் பின்பக்கத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். மார்கழி பூராவும் இதே கதை. ஒன்பது வீடும் சேர்ந்து பசுவின் காலை ஒடித்துப் புண்ணியம் சேர்த்துக்கொண்டிருந்தன.

"ஏம்மா, இதை நீ சொல்லவே இல்லையே."

"நீங்க நான் போடுறேனான்னுதானே கேட்டீங்க? அவங்க குடுக்குறது சோறா சார், பிரசாதம். வேணாம்னா பாலை நிறுத்திடுவாங்க."

வாசலுக்குப் போனால் பொங்கல், போகாவிட்டால் பட்டினி. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, நெற்களத்தில் போரடிக்கிற மாட்டுக்குக் கட்டுகிற வாய்க்கூடை ஒன்றை ஜீயபுரத்திலிருந்து வாங்கிவரச் செய்து, பசுவின் வாயில் கட்டி அனுப்பினேன்.

வீதியே கொதித்துப்போனது. மறுநாள் ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் டிஸ்பென்சரிக்கே வந்துவிட்டார். அவர் வீடு நான்காம் வீடு, கஞ்சி பக்கெட்.

"என்ன டாக்டர், பசு வாயைக் கட்டிட்டேளாமே? போரடிக்கிற மாடா அது? கோமாதா. பெருமாள் அமுது செஞ்ச பிரசாதத்தைச் சாப்பிட்டு நொண்டும்னு எந்த சாஸ்திரத்துல இருக்கு?"

"நீங்க குடுத்தது வடிச்ச கஞ்சி சார். பெருமாள் எப்ப அதை அமுது செஞ்சார்?"

மனிதருக்கு முகம் சிவந்தது.

"அகத்திக்கீரை குடுங்க சார். வேணுங்கிற மட்டும் குடுங்க" என்றேன்.

"அது துவாதசிக்குத்தான் குடுப்போம். தெனம் கீரைக்கு எங்கே போறது?"

கீரை காசு கொடுத்து வாங்கவேண்டும், கஞ்சி எப்படியும் கொட்டவேண்டியது. எதில் புண்ணியம் அதிகம் என்று வாத்தியாருக்குக் கணக்குத் தெரிந்திருந்தது. அன்றோடு பாலை நிறுத்திவிட்டார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு வீடு நிறுத்தின. ஆறு வீடு மிஞ்சியது.

ஊரைத் திட்டித் தீர்த்த திருப்தியோடு அன்று சாயங்காலம் மாரியாயி குடிசைக்குப் போனேன். பசு நன்றாகத்தான் நின்றது. பக்கத்தில் ஒரு குண்டான் நிறையக் கஞ்சி. வெல்லம் மிதந்தது.

"இது என்னம்மா? சோறு போடலைன்னு சொன்னியே."

"சோறு எங்க சார் போட்டேன்? இது மருந்துல்ல. கார்த்திகையிலேருந்து குடுக்குறேன். புள்ளைங்க வயித்தக் கட்டித்தான் அரிசி எடுத்து வைக்கிறேன்."

கூரையில் செருகியிருந்த சீட்டை எடுத்து நீட்டினாள். டிஸ்பென்சரி முத்திரை. என் கையெழுத்து. 'சத்துக் குறைவு. தினம் சாயங்காலம் அரிசிக் கஞ்சி, வெல்லம் கலந்து.'

ஒன்பது வீட்டுக்காரர்களாவது மார்கழி முடிந்தால் நிறுத்தியிருப்பார்கள். நான் எழுதியதற்குத் தேதி முடிவே இல்லை. பி.வி.எஸ்ஸி. படித்துவிட்டு, ரேஷன் அரிசி தின்கிற குழந்தைகளின் தட்டிலிருந்து எடுத்து, ஒரு பசுவை நொண்டியாக்கியிருக்கிறேன். ஏ.டி.யைத் திட்ட, ஹெட்மாஸ்டரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? சொல்லாமல் போய்விடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. சொன்னேன்.

"தப்பா எழுதிட்டேன் மாரியாயி. காலைப் பாக்காமலே எழுதிட்டேன். இதுலயும்தான் கால் போச்சு."

அவள் குண்டானைத் தூக்கி உள்ளே கொண்டுபோய் வைத்தாள். பெண்களைச் சாப்பிடக் கூப்பிட்டாள். பிறகு வெளியே வந்து, பசுவின் வாய்க்கூடையை ஆணியில் மாட்டியபடி சொன்னாள்:

"மாட்டு வாய்க்கு ஒண்ணு வாங்கியாரச் சொன்னீங்களே சார். உங்க பேனாவுக்கும் ஒண்ணு சேத்து வாங்கியிருக்கலாம்."

பசு பிழைத்தது. முன்குளம்பு இரண்டும் நீண்டு வளைந்து வளர்ந்தன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நானே போய்ச் சீவிவிட்டேன். குனிந்துதான். தரகர் வருவதை நிறுத்திவிட்டார். நான் மாற்றலாகிப் போகும் வரை அது வாய்க்கூடையோடு ஆறு வீட்டுக்கும் நடந்தது, கொஞ்சம் விந்தி விந்தி.

அதற்குப் பிறகு சர்வீஸ் முடிகிறவரை, காலைத் தூக்கிப் பார்க்காமல், என்ன தின்றது என்று கேட்காமல், யார் யார் போட்டார்கள் என்றும் கேட்காமல் நான் பேனாவின் மூடியைத் திறந்ததில்லை.