நடந்தால் யோசனை வருமாம்

குமாரபாளையத்தில் ஒரு பெட்ஷீட் கம்பெனியில் கட்டமும் கோடும் போடுவது என் வேலை. எந்தச் சிவப்புக்குப் பக்கத்தில் எந்தப் பச்சை எடுபடும் என்று முடிவு செய்யும் நாற்காலியில் இருபது வருடமாக நான் ஒருவன்தான் உட்கார்ந்திருந்தேன். போன வருடம் ஒரு திங்கட்கிழமை முதலாளியின் மாப்பிள்ளை வந்து, நான் பக்கத்தில் நிற்கும்போதே, "இப்பெல்லாம் கம்ப்யூட்டரே நிமிசத்துல வரைஞ்சு குடுத்துருதுங்க மாமா, இவரு எதுக்குங்க?" என்றார்.

முதலாளி தங்கமான மனுசர். அதனால் என்னை உடனே துரத்தவில்லை. சனிக்கிழமைக்குள் ஆறு புது டிசைன் கொடுக்கச் சொன்னார். அவருக்குப் பிடித்தால் நாற்காலி எனக்கு, இல்லாவிட்டால் கம்ப்யூட்டருக்கு.

கோபம் வந்தால் எனக்கு மூளை ஓடாது. செவ்வாய் மதியம் வரை நான் போட்டதெல்லாம் பழைய டிசைன்களுக்குப் பங்காளி முறையாகவே வந்தது. என் முகத்தைப் பார்த்து முதலாளியின் இளைய மகளுக்கு இரக்கம் வந்துவிட்டது. கோயம்புத்தூரில் மேனேஜ்மென்ட் படித்த பெண். ஒரு தாளைக் கொடுத்து, "எல்லாம் ஆராய்ச்சி பண்ணி நிரூபிச்சதுங்க அங்கிள்" என்றாள். போனைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைக்கணும். இருபத்தைந்து நிமிடம் வேலை செய்து ஐந்து நிமிடம் ஓயணும். அப்படியும் யோசனை வராவிட்டால் எழுந்து தனியாக நடக்கணும், யாரோடும் பேசாமல்.

போனை பீரோவில் வைத்துப் பூட்டினேன். என் மனைவி ஐந்து தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, வாட்ச்மேனைக் கூப்பிட்டு "அவரு உசுரோட இருக்காருங்களா?" என்று கேட்டாள். வாட்ச்மேன் ஓடிவந்தார். பின்னாலேயே தறிக்காரர்கள் எட்டுப் பேர் ஓடிவந்தார்கள். ஓய்வுக்கு ஒதுக்கிய ஐந்து நிமிடமும் அவர்களைச் சமாதானப்படுத்துவதிலேயே போயிற்று.

மிச்சம் இருந்தது நடை. எங்கள் ஊரில் நாற்பது தாண்டியவன் காரணமில்லாமல் நடப்பதில்லை. தெரிந்தவர் நடந்து போவதைப் பார்த்தும் வண்டியை நிறுத்தாவிட்டால் அது மரியாதைக் குறைவு. நிறுத்தியும் ஏறாவிட்டால் அதைவிடப் பெரிய மரியாதைக் குறைவு, அடுத்த கல்யாணம் வரைக்கும் அதைப் பேசுவார்கள். இதெல்லாம் அந்த ஆராய்ச்சிக்காரர்களுக்கு யார் சொல்வது?

புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கிளம்பினேன். பெட்ரோல் பங்க்கைக்கூடத் தாண்டவில்லை, எங்கள் தறிகளுக்குப் பாவு நூல் பிணைத்துக் கொடுக்கிறவர் மொபெட்டை நிறுத்தினார்.

"ஏனுங்ணா நடந்து போறீங்க? ஏறுங்க."

"சும்மா நடக்கறேனுங்க."

அவர் முகம் சுண்டிவிட்டது. "என்ற வண்டில ஏறமாட்டீங்களா?"

ஏறினேன். கிளம்பிய கம்பெனி வாசலிலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டார். மறுபடி கிளம்பினால் அடுத்தவர், நான் கேட்காமலே, என் வீட்டில் கொண்டுபோய் விட்டார். மூன்றாவதாக ஒரு பால் வேன். ஒரு மணி நேரத்தில் ஊரைச் சுற்றி முடித்துவிட்டேன், நடந்தது மட்டும் இருநூறு அடி இருக்காது.

நான்காவதாக ஸ்கூட்டரை நிறுத்தியவர் ரிட்டையரான வாத்தியார். அவர் வாயைத் திறக்குமுன் எரிச்சலில் ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டேன். "சக்கரைங்க சார். டாக்டரு நடக்கச் சொல்லியிருக்காரு."

வாத்தியார் இன்ஜினையே அணைத்துவிட்டார். "நடங்க சாமி, நடங்க" என்று வண்டியை ஓரமாகத் தள்ளி வழிவிட்டார். மதியத்துக்குள் செய்தி ஊரெல்லாம் போய்விட்டது. அதற்குப் பிறகு ஒரு வண்டி நிற்கவேண்டுமே! டீக்கடையில் கேட்காமலே சர்க்கரை இல்லாத டீ வந்தது. விதியே என்று குடித்தேன்.

ஆனால் அந்தத் தாள் பொய் சொல்லவில்லை. வியாழக்கிழமை காவிரிப் பாலத்தில் நடந்துகொண்டிருந்தபோது, சாம்பல் நிறத் தண்ணீரின் மேல் மெல்லிசாக மஞ்சள் வெயில் விழுந்தது. அங்கேயே நின்று சிகரெட் அட்டையின் பின்பக்கம் கோடு போட்டேன். வெள்ளி மதியத்துக்குள் ஆறும் முடிந்துவிட்டது. தலைகால் புரியவில்லை எனக்கு.

அன்று மூன்று மணிக்கு முதலாளி கூப்பிட்டார். கண் கலங்கியிருந்தது.

"ஏனுங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதுங்களா? சக்கரை வந்தா மொதல்ல கண்ணைத்தானுங்க புடிக்கும். கலர் பாக்கற வேலை இனி உங்களுக்கு வேண்டாம், மாப்பள பாத்துக்கட்டும். நீங்க குடோன்ல நிம்மதியா உக்காருங்க. சம்பளம் கொறையாது."

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதையாகிவிட்டது. "அய்யோ, அது பொய்யுங்க! வண்டில ஏத்தாம இருக்கோணுமேன்னு சொன்னதுங்க" என்று பதறினேன்.

அவர் பாவமாகச் சிரித்தார். "எனக்கு வந்தப்பவும் சக்கரையெல்லாம் பொய்யின்னுதானுங்க நானும் சொன்னேன்." டிராயரைத் திறந்து அவருடைய சர்க்கரை பார்க்கும் மெஷினை எடுத்தார். "கையைக் காட்டுங்க, பாத்துருவோம்."

தான் சொன்னது பொய் என்று நிரூபிக்க இவ்வளவு ஆசையாக விரலை நீட்டியவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சுருக்கென்று குத்தினார். இருநூற்று எண்பத்தேழு. அவருக்கே நம்பிக்கை வரவில்லை, வேறு விரலில் குத்திப் பார்த்தார். இருநூற்றுத் தொண்ணூறு.

பயந்துவிட்டேன். கையிலிருந்த ஆறு தாளையும் மேஜை மேல் வைத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளினார். பாலத்தில் போட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார்.

"இந்தச் சாம்பல்ல மஞ்சள் எத்தனை நூலுங்க?"

"மூணுங்க."

வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு போனை எடுத்து, "மாப்பள, கம்ப்யூட்டரு இப்போதைக்கு வேண்டாம்" என்றார்.

"அப்ப என்ற கண்ணுங்க?" என்றேன்.

"நாளைக்கே கண் டாக்டருகிட்டப் போறோம், ரெண்டு பேரும். எனக்குப் பன்னெண்டு வருசமாச் சக்கரை. ஏதோ பதட்டத்துல சொல்லிப்போட்டேன். சக்கரைக்குச் சீட்டைப் புடுங்கறதுன்னா, மொதல்ல என்ற சீட்டைத்தானுங்க புடுங்கோணும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சர்க்கரைக்காக அழுதேனா, நாற்காலிக்காக அழுதேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.