பாராட்டப் போய்ப் பட்ட பாடு

ஆசிரியத் தொழிலில் திட்டுவதற்கு யாரும் பயிற்சி கொடுப்பதில்லை. பாராட்டுவதற்குத்தான் நுவரெலியாவுக்கு வரச்சொல்லி, பகல் சாப்பாடும் கொடுத்து, கருத்தரங்கு வைக்கிறார்கள். வெண்கட்டித் தூளைச் சுவாசித்தே ஆயுளைக் கழிக்கும் சக ஆசிரியர்களே, அந்தச் சோற்றுப் பார்சல் உங்களுக்கும் கிடைத்திருக்கும். எங்கள் பாடசாலை அதிபர் அதைச் சாப்பிட்டுவிட்டு வந்த மறுநாளே உத்தரவு போட்டார்: இனி ஒவ்வொரு பிள்ளையையும் மனதாரப் பாராட்ட வேண்டும்.

கொட்டகலைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலை. எனக்கு மூன்றாம் வகுப்பு. நான் கொன்வென்டில் படித்தவள். அங்கே சிஸ்டர் கொப்பியைத் திருத்தி, திட்டாமல் திருப்பிக் கொடுத்தாலே வீட்டில் போய்ப் பெருமையடிப்போம். அப்படி வளர்ந்தவளிடம் பாராட்டு கேட்டால் எங்கிருந்து வரும்? போதாததற்கு என் மகள் ஹரிணியும் அதே வகுப்பில். அவளை மட்டும் பாராட்டுவதில்லை என்று எடுத்த எடுப்பிலேயே தீர்மானித்துவிட்டேன். சொந்தப் பிள்ளைக்குச் சலுகை என்று பேச்சு வரக்கூடாது பாருங்கள்.

மொத்த வியாபாரம்

முதல் நாள் ஆளுக்கொன்று என்று விநியோகிக்கத் தொடங்கினேன். சித்திரப் பாடம். மாட்டுக்கு ஒரு அருமை, வீட்டுக்கு ஒரு அருமை, மாடா வீடா என்று வரைந்தவனுக்கே தெரியாத ஒன்றுக்கும் ஒரு அருமை. கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தாள் தர்ஷினி. கால் வலி எனக்கு. கொப்பியைப் பார்த்த பாவனையில், எல்லாவற்றிலும் இதுதான் அழகு என்று சொல்லித் தலையைத் தடவிவிட்டு நகர்ந்தேன். வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

"டீச்சர், நான் இன்னும் ஒண்ணுமே வரையலிங்க."

செல்வி அக்காவின் சந்தேகம்

அதற்குப் பிறகு பார்த்துவிட்டுப் பாராட்டுவது என்று ஆனது. பார்த்தால், பாராட்ட விஷயம் இருக்கத்தான் செய்கிறது. சுதனுக்கு வாய்ப்பாடு வராது. ஆனால் வகுத்தல் கணக்குக்குக் கொப்பி ஓரத்தில் புள்ளிகள் வைத்து, வளையம் போட்டுப் பிரித்து, விடையைப் பிடித்திருந்தான். யாரும் சொல்லிக் கொடுக்காத வழி.

பெற்றவளிடமும் சொல்லலாமே என்று, பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு அவனைக் கூட்டிப்போக வந்த செல்வி அக்காவைப் பள்ளிக் கேட்டில் பிடித்தேன். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது. மலையில் வேலை வாங்கும் கங்காணி வந்து உனக்குக் கை நல்லா ஓடுது என்று சொன்னால், மறுநாள் செங்குத்தான மேட்டில் ஏற்றிவிடப் போகிறார் என்று அர்த்தமாம். கூடையைக் கீழே இறக்கி வைத்தார்.

"அதெல்லாம் சரிங்க டீச்சர். பள்ளிக்கூடத்துல சிரமதானம் என்னைக்குன்னு சொல்லுங்க, வந்து புல்லு வெட்டித் தாரேன்."

கைமருந்து

கவிதா கதை வாசித்தால், கரடி வரும் இடத்தில் குரலைத் தாழ்த்துவாள். வகுப்பே காலைத் தூக்கி வாங்கில் வைத்துக்கொள்ளும். அதை அப்படியே எல்லோர் முன்னாலும் சொன்னேன். மறுநாள் அவளுக்குக் காய்ச்சல்.

அவள் அப்பா வந்தார். கோபமெல்லாம் இல்லை, மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். டீச்சர் சொன்னது உண்மைதான், ஆனால் அத்தனை பேர் நடுவில் சொன்னதில் கண்ணு பட்டுவிட்டது என்றார். மாத்திரை கொடுத்தாயிற்று, மிச்சம் என் கையில்தான் இருக்கிறதாம். நான் என்ன செய்யவேண்டும் என்று கேட்டேன்.

"ரெண்டு நாளைக்கு நல்லா திட்டிவிடுங்க டீச்சர், எல்லாம் எறங்கிரும்."

இன்னொரு அம்மா

கவிதாவின் அப்பாவைப் பார்த்து நான் சிரிக்கவில்லை. ஹரிணி கைக்குழந்தையாக இருந்தபோது பஸ்ஸில் ஒருவர், என்ன அழகு என்று கன்னத்தைக் கிள்ளினார். வீடு வந்து சேருமுன் வலிப்பு. ஆஸ்பத்திரியில் டாக்டர், காய்ச்சல் உச்சத்துக்குப் போனதால் வந்தது என்றார். விஞ்ஞானத்தில் ஏ எடுத்த என் தலை அதை ஒத்துக்கொண்டது. வயிறு இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து அவள் எது செய்தாலும் ஒரு 'ம்'. சலுகை என்ற பேச்செல்லாம் வெளியே சொல்லிக்கொள்ள.

ஊரார் பிள்ளைகளை நான் பாராட்டப் பாராட்ட, ஹரிணி கை உயர்த்துவதை விட்டாள். வாசித்தால் முன் வாங்குக்கே கேட்காது. போட்ட கணக்கையெல்லாம் இடைவேளையில் தன்னிடம் கொண்டுவந்து காட்டுகிறாள் என்று பக்கத்து வகுப்பு பஸீலா டீச்சர் சொன்னார். அன்று வாசிக்கும்போது ஹரிணி ஒரு நீளமான சொல்லில் இடறினாள். விடவில்லை. துண்டு துண்டாகப் பிரித்துப் பிரித்துப் பார்த்து, கடைசியில் சரியாகச் சொன்னாள். நான் 'ம், அடுத்த ஆள்' என்றேன்.

பள்ளி விட்டதும் வழக்கம்போல் கேட்டில் நின்று தாய்மாரிடம் அவரவர் பிள்ளையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லோரும் போன பிறகு யாரோ சேலையை இழுத்தார்கள். பாடசாலைக்குள் என்னை அம்மா என்று கூப்பிடக் கூடாதென்பது நான் போட்ட சட்டம். ஹரிணி அதை ஒருநாளும் மீறியதில்லை.

"டீச்சர், எங்க அம்மாகிட்டயும் ஏதாவது சொல்லுங்களேன்."

அந்த அம்மாவிடம், அதாவது எனக்கு நானே, அன்றைக்கே சொல்லிவிட்டேன். வீட்டில் மகளுக்குக் கண்ணு கழிய மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டு, புகையில் இருமித் தள்ளிய பிறகுதான் என்றாலும், அந்த நீளமான சொல்லை இன்னொரு தரம் வாசித்துக் காட்டு என்று மகளைக் கேட்கிற அளவுக்கு அந்த அம்மா தேறிவிட்டாள்.